வரிசை இல்லாத சிகிச்சை

லண்டனில் கடைத்தெரு ஒன்றில் உள்ள மருந்துக்கடையைக் காலை வேளையில் கவனித்தால், இருமல் மருந்தும் வைட்டமின் மாத்திரையும் வாங்க வந்தவர்களுக்கு நடுவே வேறொரு வேலையும் ஓசையில்லாமல் நடப்பது தெரியும். மருந்தாளர் ஒரு சிறு குவளையில் பச்சை நிறத் திரவத்தை அளந்து ஊற்றுகிறார். எதிரே நிற்பவர் அதை அவர் கண்முன்னே குடிக்கிறார். வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ளவில்லை என்று காட்ட ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார், அல்லது இரண்டு வார்த்தை பேசுகிறார். அந்தத் திரவம் மெத்தடோன். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள முயல்பவர்களுக்கான மருந்து. சிலருக்கு அதற்குப் பதில் புப்ரினார்பின் மாத்திரை. நாக்கின் அடியில் வைத்துக் கரையும்வரை மருந்தாளர் பார்த்துக்கொண்டிருக்க, அங்கேயே நிற்க வேண்டும். இங்கிலாந்தில் ஹெராயின் போன்ற அபின்வகைப் போதைக்காகச் சிகிச்சை பெறுவோர் சுமார் 1,38,000 பேர். அவர்களில் பலருடைய நாள் இந்தக் கவுன்டரில்தான் தொடங்குகிறது. 2019 ஜனவரியில் பிரிட்டனில் அறிமுகமான ஒரு ஊசி இந்த அன்றாட நடையைத் தேவையற்றதாக்கியது. வாரத்துக்கு ஒன்று, அல்லது மாதத்துக்கு ஒன்று போட்டால் போதும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது கேட்பவர்க்கெல்லாம் கிடைக்கும் மருந்தாகவில்லை. ஆக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஊசியைப் பற்றி. புப்ரினார்பின் 1966-இல் வட இங்கிலாந்தின் ஹல் நகரில், ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து. மூளையில் ஹெராயின் பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகளை இதுவும் பற்றிக்கொள்ளும். ஆனால் அவற்றை முழு அளவில் தூண்டாது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் மருந்தைக் கூட்டினாலும் மூச்சை அடக்கும் விளைவு அதே வேகத்தில் கூடாது என்பதால், மெத்தடோனைவிட ஆபத்து குறைவு. பிடியும் கெட்டியானது. இந்த மருந்து ஏற்பியில் உட்கார்ந்திருக்கும்போது மேலே ஹெராயின் ஏற்றிக்கொண்டாலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. சுவீடனைச் சேர்ந்த காமுரஸ் நிறுவனம் இதை ஒரு கொழுப்புத் திரவத்தில் கலந்து ‘புவிடல்’ என்ற பெயரில் ஊசியாக்கியது. தோலுக்கடியில் போட்டவுடன் உடலின் ஈரம் பட்டு அது கூழாகிறது. அந்தக் கூழிலிருந்து மருந்து நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தில் கசிகிறது. வார ஊசியில் 8 முதல் 32 மில்லிகிராம்வரை, மாத ஊசியில் 64 முதல் 160 மில்லிகிராம்வரை நான்கு நான்கு அளவுகள். மருத்துவரோ செவிலியரோதான் போட வேண்டும். நோயாளி கையில் கொடுத்தனுப்புவதில்லை. இன்டிவியர் நிறுவனத்தின் ‘சப்லோகேட்’ என்ற மாத ஊசியும் உண்டு. அமெரிக்காவில் 2017 நவம்பரில் அனுமதி பெற்றது அது.

மருந்து பழையது, போடும் வழி மட்டும் புதியது என்றால், இதில் அப்படியென்ன இருக்கிறது என்று கேட்கலாம். லண்டனின் வரலாற்றைப் பார்த்தால் விடை கிடைக்கும். இந்த நகரத்தில் போதைச் சிகிச்சையின் சண்டை எப்போதும் மருந்து எது என்பதைவிட, அது எங்கே, யார் கையில், யார் பார்வையில் கொடுக்கப்படுகிறது என்பதைப் பற்றித்தான் நடந்திருக்கிறது. 1926-இல் ஹம்ஃப்ரி ரோலஸ்டன் தலைமையிலான குழு, அடிமையானவரும் நோயாளியே, அவருக்கு மார்ஃபினோ ஹெராயினோ எழுதித் தரும் முடிவை மருத்துவரிடம் விடலாம் என்றது. அமெரிக்கா அதே காலத்தில் காவல்துறையிடம் ஒப்படைத்த பிரச்சினையை பிரிட்டன் மருத்துவரின் மேசையில் வைத்தது. எண்ணிக்கை சிறிதாக இருந்தவரை அது ஓடியது. 1960-களில் லண்டனின் ஒருசில மருத்துவர்கள் கணக்கில்லாமல் எழுதித் தள்ளினார்கள். பிக்காடிலி சர்க்கஸில் இரவு முழுவதும் திறந்திருந்த பூட்ஸ் மருந்துக்கடை வாசலில், மறுநாள் தேதியிட்ட சீட்டு செல்லுபடியாகும் நள்ளிரவுக்காக இளைஞர்கள் கூட்டமாகக் காத்து நின்றார்கள். வாங்கியதில் ஒரு பகுதி தெருவில் விலைபோனது. 1965-இல் பிரெய்ன் தலைமையிலான அரசுக் குழு எச்சரித்தது. 1967-இல் சட்டம் வந்தது. 1968 முதல் அடிமையானவர்களுக்கு ஹெராயின் எழுதும் உரிமை தனி மருத்துவர்களிடமிருந்து எடுக்கப்பட்டு, லண்டன் மருத்துவமனைகளில் தொடங்கிய சிறப்புப் பிரிவுகளுக்குப் போனது. பிறகு அந்தப் பிரிவுகளே பெரும்பாலும் ஹெராயினைக் கைவிட்டு, வாய்வழி மெத்தடோனுக்கு மாறின. 1990-களில் மெத்தடோனே தெருவில் கசிந்து உயிர்களைக் குடித்தபோது, 1999-இன் தேசிய வழிகாட்டி நெறிமுறை, சிகிச்சையின் முதல் மாதங்களில் மருந்தாளரின் கண்முன் குடிப்பதை வழக்கமாக்கச் சொன்னது. கவுன்டர் காட்சி அப்படித்தான் உருவானது.

அந்தக் கண்காணிப்பை அவமதிப்பு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. அது உயிர்களைக் காப்பாற்றியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜான் ஸ்ட்ராங்கும் சக ஆய்வாளர்களும் 1993 முதல் 2008 வரையிலான தரவுகளை ஆராய்ந்து 2010-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் எழுதினார்கள். கண்காணிப்பு பரவிய காலத்தில், கொடுக்கப்பட்ட மெத்தடோன் அளவோடு ஒப்பிட்டால் அம்மருந்தால் நேர்ந்த சாவுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இறங்கியிருந்தன. இதன் மறுபக்கத்தை 2020-இன் ஊரடங்கு காட்டியது. தொற்றுப் பயத்தில் கண்காணிப்பைத் தளர்த்தி, பல நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய அந்த மாதங்களில் இங்கிலாந்தில் மெத்தடோன் தொடர்பான சாவுகள் உயர்ந்தன. அவர்களில் பெரும்பாலோர் அந்த மருந்து எழுதித் தரப்படாதவர்கள். ஒருவருக்குக் கொடுத்த சுதந்திரம் இன்னொருவரின் கைக்கு மருந்தாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆனால் கண்காணிப்புக்கும் ஒரு விலை உண்டு, அது மருந்துக்கடைக் கணக்கில் வராது. காலை ஏழு மணிக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டியவர் கடை திறக்கும்வரை காத்திருக்க முடியாது. வெளியூரில் ஒரு சாவு விழுந்தால் போக முடியாது. பழைய கூட்டாளிகளும் விற்பவர்களும் காத்திருக்கும் இடமாகக் கடை வாசலே மாறிவிடுகிறது. ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ வாழும் ஒரு தமிழருக்கு இன்னொரு கஷ்டமும் சேரும். கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் தெரிந்த குடும்பமாக இருக்கலாம், பின்வரிசையில் நிற்பவர் கோயிலில் பார்த்த முகமாக இருக்கலாம். நம் சமூகத்தில் போதைப் பழக்கம் இன்னும் மானப் பிரச்சினையாகத்தான் பார்க்கப்படுகிறது. ஆகவே வரிசையில் தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்ற பயமே ஒருவரைச் சிகிச்சையின் வாசலுக்கு வரவிடாமல் தடுத்துவிடும். இப்படி விலகுபவர்கள் சும்மா விலகுவதில்லை. 2017-இல் பிஎம்ஜே இதழ் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வின்படி, மெத்தடோன் சிகிச்சையில் இருப்போரில் ஆயிரத்துக்கு ஆண்டுக்கு 11 பேர் இறந்தார்கள் என்றால், சிகிச்சையை விட்டவர்களில் 36 பேர். புப்ரினார்பினில் அந்த எண்கள் 4-ம் 9-க்கு மேலும். சில நாள் மருந்து தவறினாலே உடலின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவு ஹெராயின் அப்போது கொல்லும்.

மருந்தைத் தினமும் ஒழுங்காக எடுத்துக்கொள்வது குணத்தைக் காட்டும் பரீட்சை என்று நினைப்பவர்கள், சென்னையிலிருந்து லண்டன் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை நினைவுகூர வேண்டும். 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதை முதலில் நடத்திய வாலஸ் ஃபாக்ஸ் பிரிட்டிஷ் மருத்துவர். வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களுக்கு இணையாகக் குணமாகலாம் என்று அந்த மையம் 1959-இல் காட்டியது. அதே ஃபாக்ஸ்தான், எந்த நோயாளியும், எவ்வளவு நல்லவரானாலும், நெடுநாள் மருந்தைத் தவறவிடுவார் என்ற சிக்கலை 1958-லேயே எழுதினார். கண்முன் விழுங்கவைக்கும் முறைக்கு விதை போட்டவர்களில் அவரும் ஒருவர். காசநோய்க்காரர் மாத்திரையை மறந்தால் நாம் அவரைக் கெட்டவர் என்பதில்லை, மருந்தின் வடிவத்தை மாற்றப் பார்க்கிறோம். போதை நோயாளிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஊசி எவ்வளவு வேலை செய்கிறது? மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 428 பேரிடம் 24 வாரம் நடந்த சோதனையில், வார, மாத ஊசி பெற்றவர்களின் சிறுநீர் மாதிரிகளில் 35 சதவீதம் சுத்தமாக இருந்தன. நாக்கடி மருந்து பெற்றவர்களிடம் 28 சதவீதம். அதாவது தினசரி மருந்தைவிடக் குறைந்தது அல்ல என்று நிரூபணமாயிற்று. அற்புதம் ஏதும் நடக்கவில்லை. லண்டன் வாசகர் கவனிக்க வேண்டியது எக்ஸ்போ என்ற பிரிட்டிஷ் சோதனை. கிங்ஸ் கல்லூரியின் ஜான் மார்ஸ்டன் தலைமையில், இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ள ஐந்து அரசு சிகிச்சை மையங்களில் 314 பேரிடம் நடந்து, 2023-இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு மாத ஊசி, மறுபாதியினருக்கு வழக்கமான மெத்தடோன் அல்லது புப்ரினார்பின். 24 வாரத்தில் ஊசி பெற்றவர்கள் சராசரியாக 123 நாள் தெருப்போதையைத் தொடாமல் இருந்தார்கள், மற்றவர்கள் 104 நாள். ஆறு மாதத்தில் 19 நாள் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஒவ்வொரு நாளும் ஓர் ஊசிமுனையும், ஒரு பொட்டலத்தின் தெரியாத கலவையும் காத்திருக்கும் வாழ்வில் அது சிறியதல்ல. இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது ஊசியைத் தயாரிக்கும் இன்டிவியர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்தது. இந்த இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் மருந்து பழைய புப்ரினார்பினே, அளவும் சீராகச் செல்கிறது, தவறவிட வாய்ப்பில்லை என்ற அடிப்படை, முடிவு போகும் திசையை நம்பத்தக்கதாக்குகிறது.

எதிர்ப்புகளில் மிகப் பழையது, ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்பது. நம் வீடுகளில் இதுதான் முதலில் எழும். உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பதும், அந்த மருந்துக்காக வாழ்க்கையைச் சுற்றவிடுவதும் வேறுவேறு. இன்சுலின் போட்டுக்கொள்பவரும் அதைச் சார்ந்தே இருக்கிறார். போதை நோயின் கொடுமை, விழித்தது முதல் அடுத்த வேளையைத் தேடி ஓடுவதிலும், கிடைக்காதபோது எலும்பு முறிவதுபோல் வலித்து, வயிறு கலங்கி, வியர்த்து நடுங்குவதிலும், கடைசியில் மூச்சு நிற்பதிலும் இருக்கிறது. ஊசி இவை மூன்றையும் பெருமளவு தடுக்கிறது. பெரிய ஏற்றமும் இறக்கமும் இல்லாத அளவு என்பதால், ‘கிக்’ என்று சொல்லத்தக்கதும் இல்லை. மருந்தே வேண்டாம், மன உறுதி போதும் என்பவர்கள், மருந்தில்லாமல் உடலைச் சுத்தம் செய்துகொண்டு வெளியே வருபவர்கள் முதல் சறுக்கலிலேயே இறந்துபோகும் ஆபத்து எவ்வளவு அதிகம் என்பதை முதலில் எதிர்கொள்ள வேண்டும்.

அடுத்தது பணம். இதுதான் உண்மையான தடை. புவிடல் மாத ஊசியின் பட்டியல் விலை 239 பவுண்டு 70 பென்ஸ். மெத்தடோன் திரவம் அதனோடு ஒப்பிடவே முடியாத மலிவு. 2013 ஏப்ரல் முதல் இங்கிலாந்தில் போதைச் சிகிச்சைக்கான பணம் தேசிய சுகாதாரச் சேவையிடமிருந்து உள்ளாட்சிகளிடம் போய்விட்டது. லண்டனில் 32 பரோக்கள், சிட்டி ஆஃப் லண்டனும் சேர்த்தால் 33 நிர்வாகங்கள், தனித்தனிப் பணப்பை, தனித்தனி ஒப்பந்தம். அடுத்த ஆண்டுகளில் அந்தப் பை சுருங்கிக்கொண்டே போனது. அரசு கேட்டுப் பெற்று 2021 ஜூலையில் வந்த டேம் கேரல் பிளாக் அறிக்கை அதை மிகக் கடுமையான வார்த்தைகளில் சொன்னது. சிகிச்சைக்குச் செலவிடும் ஒவ்வொரு பவுண்டும் நான்கு பவுண்டை மிச்சப்படுத்தும் என்றும் எழுதியது. அதே ஆண்டு டிசம்பரில் அரசு சிகிச்சைக்கென 78 கோடி பவுண்டு கூடுதலாக அறிவித்தது. அந்தப் பணம் வந்தும், ஒருவருக்கு எந்த மருந்து கிடைக்கும் என்பதை அவர் எந்தப் பரோவில் வாடகைக்கு இருக்கிறார் என்பது தீர்மானிக்கும் ஏற்பாடு அப்படியே இருக்கிறது. வேல்ஸ் அரசு 2020-இல் ஊரடங்கின்போதே இந்த ஊசிக்கென்று தனிப்பணம் ஒதுக்கி நாடு முழுவதும் கொண்டுபோனது. முடியும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது.

விலையைப் பற்றி எக்ஸ்போ சோதனை தந்த கணக்கும் ஊசிப் பக்கம் முழுவதுமாகச் சாயவில்லை. ஓராண்டு நல்வாழ்வுக்கு 30,000 பவுண்டுவரை கொடுக்கலாம் என்ற அப்போதைய பிரிட்டிஷ் அளவுகோலில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஊசி தேறவில்லை. ஆனால் நோய் மிதமாகவோ கடுமையாகவோ இருந்தவர்களை மட்டும் எடுத்தால், ஊசி அதிகப் பலனும் தந்தது, மொத்தச் செலவையும் குறைத்தது. இது நிர்வாகங்களின் இன்றைய நடைமுறைக்கு எதிரான செய்தி. விலை கூடிய மருந்தை ஒழுங்காக வருபவருக்குப் பரிசாகவும், தடுமாறுபவருக்கு மறுப்பாகவும் வைக்கும் மனப்பான்மை எங்கே இருந்தாலும், அது பலனையும் பணத்தையும் ஒருசேர வீணாக்குகிறது. கூடாரத்தில் படுப்பவருக்கு, சந்திப்பு நாளை நான்கு முறை தவறவிட்டவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் கனமாகப் படும் எதிர்ப்பு இன்னொன்று. மாத்திரையை வேண்டாமென்றால் நாளை விடலாம். ஊசியை உடலிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. மாதப் புவிடல் பாதியாகக் குறையவே மூன்று வாரம் எடுக்கும், சப்லோகேட் இன்னும் பல வாரம். மனநோய் மருத்துவத்தில் 1960-களிலிருந்து நீண்டநாள் ஊசி இருக்கிறது. அது பலரைக் காப்பாற்றியது, பலருக்கு வலுக்கட்டாயத்தின் நினைவாகவும் நிற்கிறது. சிறை, நன்னடத்தைக் காலம், குழந்தையை யாரிடம் விடுவது என்ற வழக்கு, எல்லாவற்றிலும் ‘ஊசி போட்டுக்கொள், இல்லையேல்’ என்ற குரல் எழக்கூடும். அந்தக் குரலுக்கு இடம் கொடுத்தால் இந்த மருந்தின் முழு நியாயமும் சரிந்துவிடும். ஏனெனில் ஊசிக்கு ஆதரவான என் வாதமே அது நோயாளியின் நாளை அவரிடம் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான். முதலில் நாக்கடி மாத்திரை, பிறகு வார ஊசி, பிடித்திருந்தால் மட்டும் மாத ஊசி என்று படிப்படியாகப் போகலாம். வேண்டாமென்றால் மெத்தடோன் கதவு திறந்தே இருக்கும் என்று எழுத்தில் கொடுக்கலாம். கிங்ஸ் கல்லூரியின் ஜோஆன் நீலும் குழுவினரும் ஊசி தொடங்கிய முதல் 72 மணிநேரத்தை நோயாளிகளிடமே கேட்டுப் பதிவுசெய்தார்கள். சிலருக்குத் தலை தெளிந்தது, சிலருக்கு உடல் முறிவின் சாயல் வந்தது. இது வரும், இத்தனை நாளில் போகும் என்று முன்பே சொன்னால் பயம் பாதியாகும்.

தினசரி வரிசை போனால், ஒருவரைத் தினமும் பார்த்த ஒரே மனிதரான மருந்தாளரும் போய்விடுவாரே என்ற கவலையில் நியாயம் உண்டு. முகம் வெளுத்திருப்பதையும், கை வீங்கியிருப்பதையும், இரண்டு நாளாக வராததையும் முதலில் அறிபவர் அவர்தான். நாள் முழுக்க மருந்துக்கு ஓடியவருக்கு, ஓட்டம் நின்றதும் கையில் வந்து விழும் வெற்று நேரமும் ஆபத்தானதே. இத்தனை ஆண்டு போதை மூடிவைத்திருந்த துக்கம் அந்த நேரத்தில்தான் தலைதூக்கும். ஆனால் இதற்குத் தீர்வு வரிசையைத் தக்கவைப்பதல்ல. மிச்சமாகும் மருந்தாளர் கட்டணத்தையும் ஊழியர் நேரத்தையும் ஆலோசகருக்கும் வீட்டு வசதிக்கும் வேலைப் பயிற்சிக்கும் திருப்புவதுதான். மாதம் ஒருமுறை ஊசி போட்டு அனுப்பிவிட்டு ஊழியர்களைக் குறைக்கும் நிர்வாகம், ஊசியைச் சிகிச்சையாக நடத்தவில்லை, ஆளைக் கணக்கிலிருந்து நீக்கும் வழியாக நடத்துகிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிக அளவு மெத்தடோனில் இருப்பவர், புப்ரினார்பினுக்கு மாறுவதற்கு முன் அதை நாளுக்கு 30 மில்லிகிராம் அளவுக்கு இறக்க வேண்டியிருக்கும். அந்த இறக்கமே சிலரை உடைத்துவிடும். லண்டனில் ஹெராயினோடு கிராக் கொக்கெய்னும் புகைப்பவர்கள் மிகுதி, கிராக்கை இந்த ஊசி தொடாது. மெத்தடோனின் கதகதப்பு இல்லாமல் வாழ முடியாது என்று சொல்பவரின் சொல்லையும் மதிக்க வேண்டும்.

காலமும் காத்திருக்கவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023-இல் பதிவான போதைமருந்துச் சாவுகள் 5,448. கணக்கெடுப்பு தொடங்கிய 1993-க்குப் பிறகு அதுவரை காணாத எண் அது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் அபின்வகைப் பொருள் இருந்தது. நைட்டசீன் என்ற செயற்கைப் பொருள் ஹெராயினில் கலந்து வருகிறது. 2023 ஜூன் முதல் 2025 ஜனவரிவரை குறைந்தது 400 சாவுகளை அதனோடு இணைத்தது தேசியக் குற்றத் தடுப்பு முகமை. இரண்டு நாள் மருந்து தவறி தெருவுக்குப் போகும் ஒருவர் முன்பு எதிர்கொண்ட ஆபத்து வேறு, இன்று எதிர்கொள்வது வேறு. சிறையிலிருந்து வெளிவருபவருக்கு இது இன்னும் பொருந்தும். மார்ஸ்டனின் முந்தைய ஆய்வு, இங்கிலாந்துச் சிறைகளில் மாற்று மருந்தில் இருந்தபடி விடுதலையானவர்கள் முதல் நான்கு வாரத்தில் இறக்கும் ஆபத்து, மருந்தில்லாமல் வந்தவர்களைவிட 75 சதவீதம் குறைவு என்று 2017-இல் காட்டியது. வெள்ளிக்கிழமை மாலை வாசலில் விடப்படுபவருக்குத் திங்கள்வரை பெரும்பாலான மையங்கள் திறந்திருக்காது. விடுதலைக்கு முன் போட்ட ஒரு மாத ஊசி அந்த நான்கு வாரத்தையும் கடத்திவிடும். லண்டனில் பணம் ஒருசில இடங்களுக்கு மட்டுமே போதும் என்றால், அதை முதலில் பென்டன்வில் சிறையிலும் வான்ட்ஸ்வர்த் சிறையிலும் செலவிடச் சொல்வேன்.

சென்னை வாசகருக்குப் புப்ரினார்பின் என்ற பெயரே உறுத்தலாம். 1990-களில் இந்நகரில் ஹெராயினுக்குப் பதிலாக ஊசியில் ஏற்றப்பட்ட போதை அதே மருந்தின் ஆம்பூல்தான். பகிர்ந்துகொண்ட ஊசிகள் எச்ஐவியையும் பரப்பின. இன்று டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிய செய்தி வராத வாரம் அரிது. மருந்து வெளியே கசிவதைத் தடுக்கும் வடிவம் எங்கேனும் தேவை என்றால் அது இங்கேதான். 2019-இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, அபின்வகைப் பொருளால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர், ஊசியில் ஏற்றிக்கொள்வோர் எட்டரை லட்சம். அரசு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மாற்றுமருந்து மையங்கள் முக்கியமாகக் கொடுப்பது நாக்கடி மாத்திரை, அதையும் பெரும்பாலும் தினமும் மையத்துக்கே வந்து, ஊழியர் முன்னால். தினக்கூலி வேலைக்குப் போகும் ஒருவர் அதற்காக அரைநாள் சம்பளத்தை இழக்கிறார். லண்டன் விலையில் இந்த ஊசியை இந்தியா வாங்க முடியாது. எச்ஐவி மருந்துகளை உலகத்துக்கே மலிவாக்கிய இந்தியத் தொழிற்சாலைகளுக்கு, கொழுப்புக் கூழில் புப்ரினார்பினை அடைக்கும் நுட்பம் எட்டாத ஒன்றும் அல்ல. காப்புரிமை பற்றிய பேச்சையும், தமிழ்நாட்டின் ஓரிரு அரசு மருத்துவமனைகளிலும் புழல் சிறையிலும் ஒரு சோதனை முயற்சியையும் இப்போதே தொடங்கலாம்.